வேறு சூளையின் தூள்

பான்சொக்கின் மகள் தாசோம் அரசாங்கப் பணத்தைத் தின்னத்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறாள் என்று எங்கள் கொட்டகையில் தீர்மானம் ஆனபோது, அவள் சியோலிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்கவில்லை. சிப்பி உடைக்கும் கொட்டகையில் அப்படித்தான். கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வாய்க்கு வேறு வேலை இல்லை. இருட்டோடு படகு வந்து கொட்டிவிட்டுப் போகும் சிப்பியை நீள மேசையின் இருபுறமும் நின்று கத்தியால் நெம்பித் திறப்போம். சதை வாளிக்குப் போகும், ஓடு காலடியில் விழும். குளிர்காலத்தில் ரப்பர் கையுறைக்குள் பஞ்சுக் கையுறை, அதற்குள் இன்னொன்று. அப்படியும் மத்தியானத்துக்குள் விரல் மரத்துவிடும். கஞ்சி வந்ததும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் சும்மா நிற்பவர்கள்தான் அதிகம்.

தாசோமின் அம்மா மல்சுன் என் பக்கத்தில்தான் நிற்பாள். நான் நம்ஹேயிலிருந்து இந்தத் தொல்மே ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். எத்தனை வருஷமானாலும் இங்கே எனக்கு நம்ஹேக்காரி என்றுதான் பேர். மல்சுன் மட்டும் அக்கா போட்டுக் கூப்பிடுவாள். அவள் காதில் விழக் கூடாது என்று மற்றவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பேசுவார்கள். ரேடியோ சத்தம் கூடினாலே நம்மைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஊர் அப்படிப் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் அரசாங்கம் எங்கள் கடற்கரையில் சிப்பி அனுபவக் கூடம் என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. பட்டணத்துக் குடும்பங்கள் வந்து சிப்பி உடைத்துப் பார்க்கும், சுட்டுத் தின்னும், ஊர் செழிக்கும் என்றார்கள். அதற்குத் தலைவராகப் பான்சொக்கைப் போட்டார்கள். யாரும் வரவில்லை. வந்ததாகக் கணக்கு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் போலீஸ் வந்தது. கணக்கு எழுதியவர், எழுதச் சொன்னவர், திறப்பு விழாவுக்கு மாலை போட்டுக்கொண்டவர் எல்லோரும் எங்கோ போய்விட, பான்சொக் மட்டும் விசாரணைக்கு அலைந்தார். அவர் எதையும் எடுக்கவில்லை என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் கை சுத்தமாக இருந்திருந்தால் ஏன் கூப்பிடப் போகிறார்கள் என்று ஊர் கேட்டது. படகை விற்றுவிட்டு, சிப்பி ஓடு அள்ளும் லாரி ஓட்ட ஆரம்பித்தார். கூடம் இருக்கும் சாலையில்கூட அவர் லாரி போகாது. மேட்டைச் சுற்றித்தான் போவார்.

அந்தக் கூடத்தைத்தான் மாகாண நகரத்தில் அரசாங்கம் நடத்தும் தொழில்முனைவோர் மையம் தாசோமுக்குப் பட்டறையாகக் கொடுத்தது.

அவள் சியோலில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள். சிப்பி ஓட்டைக் கழுவி, உடைத்து, நல்ல சூட்டில் சுட்டுத் தூளாக்கினால் காய்கறி கழுவ உதவும் என்பது அவள் திட்டம். ஊரில் மலை மலையாக ஓடு கிடந்து நாறுகிறது, வெயில் காலத்தில் ஈ மொய்க்கிறது. அதையே சரக்காக்கினால் என்ன என்று கேட்டாள். மையம் அவளைத் தேர்ந்தெடுத்தது. மின்சூளை வந்தது, அரைக்கும் இயந்திரம் வந்தது, கூடத்தின் மங்கிப்போன பலகைக்கு மேல் புதுப் பலகை ஏறியது. கூடவே மையத்திலிருந்து பாங் என்கிற குழுத்தலைவரும் வந்தார்.

பாங் மெதுவாகப் பேசுகிற மனிதர். ஓட்டுக் குவியல் பக்கம் வரும்போது காலணிக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வார். எதற்கும் நம்ம என்றுதான் சொல்வார். நம்ம சூளை, நம்ம ஊர், நம்ம கதை. முதல் தடவை மல்சுன் வீட்டுக்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுவந்தார். அவர் போன பிறகு அவள் ஒவ்வொரு காயையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றிலும் அழுகல் இல்லை. அதற்கப்புறம்தான் அவளுக்குச் சந்தேகம் பலத்தது.

"இவ்வளவு நல்ல காயை எனக்கு எதுக்குக்கா குடுக்கணும்?" என்று மறுநாள் என்னிடம் கேட்டாள்.

"உம் மகளைப் பிடிச்சிருக்கும். நல்லாப் பண்றான்னு குடுத்திருப்பாரு."

"அவ இன்னும் ஒண்ணுமே பண்ணலியே."

அது உண்மைதான். ஓடு கழுவ எங்களில் சிலரைத் தாசோம் கூலிக்குக் கூப்பிட்டாள், நானும் போனேன். சாயங்காலம் கூடத்துக்குப் பின்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பாசியைச் சுரண்டிக் கழுவுவோம். அவள் சூளைக்கு முன்னாலேயே கிடப்பாள். நன்றாகத்தான் சுட்டாள். ஆனால் தூள் பழுப்பாகவே வந்தது. சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், ஓட்டை மறுபடி கழுவச் சொன்னாள். ஒருநாள் சூளைக்குள் செங்கல் வெடித்துவிட்டது. சரிசெய்ய ஆள் வர நாளாகும் என்றார்கள். அவள் கையெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. சோறு சாப்பிடும்போது குச்சிகளைப் பிடிக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறாள் என்று மல்சுன் சொன்னாள். சொல்லிவிட்டு, இதைப் போய் வேறு யாரிடமும் சொல்லாதே, நடிக்கிறாள் என்பார்கள் என்றாள்.

பான்சொக் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் போனில் பாங்கோடு பேசும்போது மட்டும் டிவி சத்தத்தைக் குறைப்பாராம்.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாட்கள் நெருங்கும்போது சேதி வந்தது. மாகாணத்தின் பெரிய அதிகாரி ஒருவர், மையத்தால் முன்னுக்கு வந்தவர்களைப் பார்வையிட வருகிறார். முதலில் எங்கள் ஊர்தான். டிவிக்காரர்களும் வருவார்கள். எல்லோரும் சுத்தமான மேல்சட்டை போட்டுக்கொண்டு கூடத்து வாசலில் நிற்க வேண்டும். மல்சுன் சிப்பிக் கத்தியோடு மகள் பக்கத்தில் நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று பாங் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். தன் மூஞ்சியை விற்கத் தரமாட்டாளாம்.

அதிகாரி வருவதற்குச் சில நாட்களுக்கு முன், கழுவுகிற இடத்துக்குச் சோறு கொண்டுபோன மல்சுன் கூடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். மூலையில் புது மூட்டைகள். வாய் இயந்திரத்தில் தைத்திருந்தது, தாசோம் எப்போதும் கயிற்றால்தான் கட்டுவாள். ஒரு மூட்டை அவிழ்ந்திருந்தது. உள்ளே தூள் பால்மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது.

அன்று ரப்பர் ஏப்ரன்களைக் கழுவிக் காயப்போடும்போது அவள் எனக்கு அதைச் சொன்னாள். மகளிடம் கேட்டதையும் சொன்னாள்.

"யாரோட தூள்டி இது?"

"வேற ஊரு ஃபேக்டரியோடதும்மா. ஒரே ஒரு நாளைக்குத்தான். காட்டுறதுக்கு."

"காட்டுறதுக்குன்னா, உன்னோடதுன்னு சொல்லியா?"

"சூளை வெடிச்சுக் கிடக்குதும்மா. அந்தப் பழுப்பைக் காட்டினா மொத்தமா மூடிடுவாங்க. பாங் சாரே சொல்றாரு, எல்லா இடத்துலயும் இப்படித்தானாம். அப்புறம் நம்மளது சரியா வந்துடும்ல."

"வரலேன்னா?"

தாசோம் அவிழ்ந்த மூட்டையின் வாயைச் சுருட்டி மூடினாளாம். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றாளாம்.

மல்சுன் சொல்லவில்லை. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பார்வையிடும் நாள் விடிந்தது. நல்ல வெயில், காற்று மட்டும் கத்தி மாதிரி அடித்தது. நாங்கள் மேல்சட்டைக்குள் பழைய சட்டைகளைத் திணித்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றோம். சிவப்புக் கம்பளத்தை உருட்டி விரித்து, பறக்காமலிருக்க ஓரங்களில் ஓட்டுக் கூடைகளை வைத்திருந்தார்கள். பாங்குக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தள்ளிப் போனார், திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது. நிகழ்ச்சி ரத்து, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏனென்று சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கூடத்திலிருக்கும் தூள் இங்கே சுட்டதில்லை என்று யாரோ மாகாண அலுவலகத்துக்கே போன் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மல்சுன் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையுறை போடவில்லை.

"அக்கா, உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான் யாருகிட்டயும் சொல்லல மல்சுன்."

"அப்ப சிப்பி போயி போன் போட்டுச்சா?"

"உங்க வீட்டுல எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்கெப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல யாரு போடுவாங்க? நான் போடுவேனா? பெத்தவ நான்."

கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மேசையின் கடைசிக்குப் போய்விட்டாள். அங்கே கதவிடுக்கு வழியாகக் கடல்காற்று நேராக அடிக்கும், யாரும் விரும்பி நிற்காத இடம். அன்றிலிருந்து என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. ரேடியோ சத்தம் கூடினால் இப்போது அது என்னைப் பற்றியா அவளைப் பற்றியா என்று எனக்கே புரியவில்லை. அந்த வருஷம் நான் தனியாகத்தான் கிம்ச்சி போட்டேன். முட்டைக்கோசைப் பிளந்து உப்பிட்டு வைத்துவிட்டு, தூக்கிப் பிழிய இன்னொரு கை இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாதான் போன் போட்டாள் என்று தாசோம் நினைத்தாள். கத்தியோடு படத்துக்கு நிற்க மாட்டேன் என்றவள் வேறு என்ன செய்வாள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாளாம். மல்சுன் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாளாம். மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். ஒரே சாப்பாட்டு மேசையை ஒருவர் துடைத்து வைத்துவிட்டு எழுந்த பிறகு இன்னொருவர் வந்து உட்காருவார். பான்சொக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய்மூடி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

விசாரிக்க மாகாணத்திலிருந்து ஓர் அம்மாவும் அவருக்கு உதவியாக ஓர் ஆளும் வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். இங்கே உண்மையிலேயே ஓடு கழுவினார்களா, சூளை எரிந்ததா என்று சாட்சி சொல்ல எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கழுவினோம், எரிந்தது, பழுப்பாக வந்தது என்று சொன்னோம். மல்சுன் சுவரோரம் தனியாக நின்றாள். தாசோம் வெந்த கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூட்டைகள் எங்கிருந்து வந்தன என்று அந்த அம்மா பாங்கிடம் கேட்டார். தனக்குத் தெரியாது என்றார் பாங். நிறுவனத்தின் அன்றாட வேலையில் மையம் தலையிடுவதில்லை, இந்த மூட்டைகளைத் தானும் இன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார். நம்ம என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. தாசோம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவரைக் காட்டிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். தவறு தன்னுடையது என்று மட்டும் சொன்னாள்.

அப்போது வாசலில் லாரி நிற்கும் சத்தம் கேட்டது. அந்தச் சாலையில் பல வருஷமாக வராத லாரி. பான்சொக் உள்ளே வந்தார். ரப்பர் காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, போட்டபடியே நடந்து வந்தார்.

"அந்தப் போனைப் போட்டது நாந்தான்" என்றார்.

அந்த அம்மா அவர் யார் என்று கேட்டார்.

"இவளோட அப்பன்."

அவர் பாங்கைக் கையால் காட்டினார். "மூட்டையை இறக்கும்போது ஒரு முனையை இவ பிடிச்சா. இன்னொரு முனையைப் பிடிச்சது இந்த சாரு."

"ஐயா தூரத்துல இருந்து பாத்திருப்பீங்க. வேற யாராவதா இருந்திருக்கும்" என்றார் பாங்.

"சரக்கு கொண்டுவந்த வண்டிக்காரன் வழி தெரியாம எங்கிட்டதான் கேட்டான். திருப்பம் வரைக்கும் அவன் பக்கத்துல உக்காந்து வந்து கைகாட்டினேன். யாரு அனுப்பச் சொன்னாங்கன்னு அவனே உங்க பேரைத்தான் சொன்னான். இறங்கி அங்கனயே நின்னுதான் பாத்தேன். காலுல அந்த நீல உறையைப் போட்டிருந்தீங்க."

அந்த அம்மா மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். வண்டிக்காரனின் ஊரைக் கேட்டார், பான்சொக் சொன்னார். பாங் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்று தான் வேறு வேலையாக வந்ததாகச் சொல்லத் தொடங்கினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

தாசோம் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "மாட்டேன்."

"இதே கூடத்துல அன்னிக்கும் எல்லாம் தெரியும் எனக்கு. வராத ஆளை வந்ததா எழுதினது தெரியும். அப்புறம் சரியாயிடும்னுதான் எங்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க. விழா முடிஞ்சு, படமெல்லாம் எடுத்த பிறகு மாட்டிக்கிட்டா, நிக்கிறதுக்கு நம்மளைத் தவிர ஒருத்தனும் இருக்கமாட்டான். அதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு பட்டுது. வேற வழி தெரியல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சுவரோரமிருந்து மல்சுன் வந்த வேகத்தைப் பார்த்தபோது அடித்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஏன்யா மனுசா, உனக்கு வழி தெரியல சரி. பெத்த மக என்னைக் காட்டிக் குடுத்தவன்னு சொன்னப்ப பக்கத்து அறையிலதான இருந்த? நான் அக்காவைப் போயி அந்தக் கேள்வி கேட்டுட்டு வந்து அழுதப்ப, தண்ணி மோந்து குடுத்தியே, அப்பக்கூட வாய் வரலியா உனக்கு?"

"பயமா இருந்துச்சு" என்றார் பான்சொக்.

"யாரைப் பாத்து? இந்த சாரைப் பாத்தா?"

"உன்னைப் பாத்து. அவளைப் பாத்து."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

தாசோமுக்கு மையத்தின் உதவி நின்றுபோனது. பாங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் அங்கே இன்னொரு பெண்ணின் நம்ம கதையை எழுதிக்கொண்டிருப்பார் என்று கொட்டகையில் சொல்லிச் சிரித்தார்கள். சூளையைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றார்கள். வெடித்த சூளையை யார் சுமப்பது என்று கடைசிவரை யாரும் வரவில்லை. கூடத்துச் சாவியையும் யாரும் கேட்கவில்லை.

மல்சுன் மறுநாளே என் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டுக் கிம்ச்சியில் ஒரு சட்டி கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள், உப்பு கூடியிருக்கும் என்றாள். கூடித்தான் இருந்தது. வீட்டில் நானும் மகளும் இன்னும் அவள் அப்பாவோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறோம் என்றாள். தாசோமும் எங்களோடு சிப்பி உடைக்க வந்தாள். முதல் வாரம் ஓட்டைவிடக் கையைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டாள். சாயங்காலத்தில் கூடத்துக்குப் போவாள். பான்சொக்கும் போய்ச் சூளைக்குள் தலையை விட்டு உடைந்த கல்லைப் பெயர்த்தெடுப்பார். பேச்சில்லாமலே, அதைப் பிடி இதைக் கொடு என்று கை காட்டி வேலை பார்த்தார்களாம். அப்படி எத்தனை நாள் கை காட்ட முடியும்? ஒருநாள் கல் நழுவி அவர் காலில் விழப் போனபோது அவள் அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள்.

வெயில் ஏறி சிப்பிப் பருவம் முடியும் சமயம், மையத்திலிருந்து புதிய அறிவிப்பு வந்தது. முன்பு விலக்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய கணக்கைக் கிளறத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள் மல்சுன். தாசோம் எழுதினாள். எழுதி முடித்து, ஒரு மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். நானும் மல்சுனும் அதே அறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஒவ்வொரு வரியா படிக்கிறேன். எதுக்கெல்லாம் போன் போடுவீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவரும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

உலகத் தரம் வாய்ந்த இயற்கைத் தூள் என்று படித்தாள். போடுவேன் என்றார். அடித்தாள். ஊர் மக்களின் முழு ஆதரவோடு என்று படித்தாள். அவர் என்னைப் பார்த்தார், நான் பூண்டைப் பார்த்தேன். போடுவேன் என்றார். ஊரில் பலருக்கு வேலை கிடைக்கும் என்பதற்கு வெகுநேரம் யோசித்து, எத்தனை பேர் என்று கேட்டார். தெரியாது என்றாள். அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். எங்கள் ஊரில் சிப்பி ஓடு குவிந்து கிடக்கிறது. அதைச் சுட்டுத் தூளாக்குகிறேன். தூள் பழுப்பாக வருகிறது. ஏனென்று இன்னும் தெரியவில்லை, கண்டுபிடிக்க உதவி வேண்டும்.

"இதுக்கு?"

"போடமாட்டேன்."

தேர்வாகவில்லை என்று பதில் வந்தது. எதிர்பார்க்கும் பலன் என்னவென்று தெளிவாக இல்லையாம். மல்சுன் பொங்கினாள். பொய் எழுதியபோது வண்டி வண்டியாகக் கொடுத்தவர்கள் இப்போது இப்படிச் சொல்கிறார்களே என்றாள். பான்சொக் பதிலை வாங்கி இரண்டாம் தடவை படித்தார்.

"அவங்க சொல்றதும் நெசந்தான?" என்றார் மகளிடம்.

"நெசந்தாம்ப்பா."

மழைக்காலம் கழிந்து அடுத்த அறிவிப்பு வந்தபோது அதையே மறுபடி எடுத்தாள். ஒரு வரி கூட்ட வேண்டும் என்றாள். தூளின் பழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பான்சொக் எழுந்து கூடத்துக்குப் போனார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்தவர் உள்ளங்கையில் கொஞ்சம் தூள் கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மல்சுனைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார். அவளும் பார்த்தாள்.

"எழுதிக்கோ" என்றார்.